மாயாற்றுப் பாறுகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்தியமங்கலம், பவானிசாகர், புளியம்பட்டி, மேட்டுப்பாளையம் பக்கம் ஊர்க்கூட்டமானாலும் கால்நடை முகாமானாலும், பாறுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். முதலில் எளிய கேள்விகள், போகப் போகச் சிக்கலானவை. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. பாறுன்னா கழுகு தானுங்களா? எங்க ஊர்ல கழுகு நெறையச் சுத்துதுங்களே?

ஊருக்குள் சுற்றுவது பெரும்பாலும் கரும்பருந்து. கறிக்கடை, சந்தைப்பேட்டை, வெள்ளலூர் குப்பைக் கிடங்கு என எங்கும் பார்க்கலாம். வால் நுனி நடுவில் பிளந்திருந்தால் அது பருந்துதான். தலையும் நெஞ்சும் வெளுத்து, உடம்பு செங்கல் நிறமாக இருந்தால் செம்பருந்து. பெரும்பாலான பாறுகள் இவற்றைவிட மிகப் பெரியவை. விரித்த சிறகு நுனிக்கு நுனி 2 மீட்டருக்கு மேல் இருக்கும். எடை 4 முதல் 6 கிலோ வரை வரும். தலையிலும் கழுத்திலும் இறகு மிகக் குறைவு, வால் குட்டை. சிறகடிக்காமல் நெடுநேரம் வட்டமடிக்கும். இவை கோழிக்குஞ்சைத் தூக்குவதில்லை, செத்ததைத்தான் தின்னும்.

2. நம்ம பக்கம் எத்தனை வகை இருக்குதுங்க? எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது?

நான்கு வகை. அதிகம் தென்படுவது வெண்முதுகுப் பாறு. திரும்பும்போது அடிமுதுகில் வெள்ளைத் திட்டு தெரியும். கீழிருந்து பார்த்தால் சிறகின் முன்பாதி வெள்ளை, பின்பாதி கறுப்பு. கருங்கழுத்துப் பாறு வெளிறிய பழுப்பு உடம்பும் கருத்த கழுத்தும் கொண்டது. முதுகில் வெள்ளைத் திட்டு கிடையாது. செந்தலைப் பாறுக்குக் கறுப்பு உடம்பு, சிவந்த தலை, தொடையருகே இரு வெள்ளைத் திட்டுகள். மஞ்சள்முகப் பாறு இவற்றில் சிறியது: அழுக்கு வெள்ளை உடம்பு, கறுப்புச் சிறகோரம், ஆப்பு வடிவ வால். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் சோறுண்ண வந்தது இந்த வகைதான். இமயமலைப் பாறும் கரும்பாறும் எப்போதாவது வழிதவறி வந்து ஒன்றிரண்டாகக் கணக்கில் ஏறும்.

வெண்முதுகுப் பாறின் இளம்பறவைக்கு முதுகில் வெள்ளை இருக்காது. அதைக் கருங்கழுத்துப் பாறு என்று எழுதிவிடுவதுதான் புதிதாக எண்ண வருபவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. நிறத்தில் ஐயம் இருந்தால் "வகை தெரியவில்லை" என்றே எழுதுங்கள்.

3. அந்தக் காலத்துல மாடு செத்தாக் கூட்டமா வந்து எறங்குமுங்க. எங்கதான் போச்சு?

வேறெங்கும் போகவில்லை, செத்துப்போயின. இந்தியாவின் பல பகுதிகளில் சாலைவழியே ஒரே தடங்களில் 1992இலும் பிறகு 2000 முதல் பலமுறையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. கருங்கழுத்துப் பாறு வகையையும் அதன் நெருங்கிய உறவான இன்னொரு வகையையும் சேர்த்துக் கணக்கிட்டால் சரிவு சுமார் 97 விழுக்காடு. ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் கூடுகள் காலியாவதை 1990களில் விபு பிரகாஷ் கவனித்துப் பதிந்த பிறகே நாடு இதைத் திரும்பிப் பார்த்தது.

4. ஊசி மருந்துனாலன்னு சொல்றாங்க. மாட்டுக்குப் போட்ட ஊசி பறவையை எப்படிங்க கொல்லும்?

டைக்ளோபினாக் என்ற வலிமருந்துதான் காரணம். மடிவீக்கம், காய்ச்சல், கால்வலி எனப் பலவற்றுக்கும் போட்டார்கள். ஊசி போட்ட சில நாளில் மாடு செத்தால் மருந்து ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கியிருக்கும். பாறு அதைத் தின்றதும் அதன் சிறுநீரகம் வேலை நிறுத்துகிறது. வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உள்ளேயே தேங்கி உறைகிறது. செத்த பறவையை அறுத்துப் பார்த்தால் இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளைப் படிவம் இருக்கும். தின்ற இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடுகிறது. பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் குழு இதைக் கண்டறிந்து 2004இல் வெளியிட்டது.

5. எல்லா மாட்டுக்குமா ஊசி போடறோம்? நூத்துல ஒண்ணு ரெண்டுக்குத் தானுங்களே?

அந்த ஒன்றுகூட வேண்டாம். நடந்த அழிவை உண்டாக்க எத்தனை பிணங்களில் மருந்து இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஆயிரம் பிணங்களில் ஒன்று முதல் எட்டு வரை இருந்தாலே போதும் என்று வந்தது. பாறுகள் தனித்தனியாகத் தின்பதில்லை. ஒன்று இறங்குவதைப் பார்த்து மற்றவை பல கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்து சேரும். ஆகவே மருந்துள்ள ஒரே மாடு ஒரு கூட்டத்தையே கொல்லும். "நான் ஒருத்தன் போட்டா என்ன ஆயிரும்" என்பதற்கு இந்தக் கணக்குதான் விடை.

6. நாயும் அதே கறியைத் தானுங்க திங்குது. அதுக்கு ஒண்ணும் ஆகலியே?

நாயின் உடம்பு இந்த மருந்தை ஓரளவு தாங்கும். பாறுகள் போனபின் பிணங்கள் நாய்களுக்கு மிஞ்சின. நாய்க்கடியும் வெறிநோய் ஆபத்தும் கூடின. பாறு அழிவால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்று எயல் பிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024இல் வெளியான ஆய்வில் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

7. மாயாத்துல மட்டும் எப்படித் தப்பிச்சுது?

அங்கே இரைக்கு வீட்டு மாட்டை மட்டும் நம்ப வேண்டியதில்லை. புலி, சிறுத்தை, செந்நாய் தின்று மிச்சம் வைத்த கடமானும் புள்ளிமானும், தானாகச் செத்த யானையும் காட்டெருதும் உண்டு. ஆற்றோரம் உயரமான நீர்மத்தி மரங்கள் நிற்கின்றன. வெண்முதுகுப் பாறு கூடு வைப்பது பெரும்பாலும் அவற்றில்தான். கருங்கழுத்துப் பாறுக்குச் செங்குத்துப் பாறை வேண்டும். நீலகிரிச் சரிவில் அதுவும் இருக்கிறது. சீகூர் மேட்டுநிலம், சிறியூர், ஆனைகட்டி (நீலகிரி மாவட்டத்து ஆனைகட்டி, கோவைப் பக்கத்தது அல்ல), தெங்குமரஹாடா என்று முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களை ஒட்டிய ஒரே பள்ளத்தாக்கு இது. தென்னிந்தியாவில் பாறுகள் கூட்டமாகக் கூடு வைக்கும் இடம் இதைப்போல் அதிகமில்லை.

8. பேப்பர்ல 246ன்னாங்க, அப்புறம் 320ன்னாங்க. பறக்கறதை எப்படிங்க எண்ணறாங்க?

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றின் வனத்துறையும் ஒரே இரண்டு நாளில் சேர்ந்து எண்ணுகின்றன. பார்வை மறைக்காத மேடுகளில் குழுக்கள் உட்காரும். வெயில் ஏறிக் காற்று சூடானால்தான் பாறுகள் மேலெழும். ஆகவே காலை எட்டு மணிக்கு முன் அதிகம் தெரியாது. பார்த்த நேரம், வகை, எத்தனை, முதிர்ந்ததா இளசா, எந்தத் திசையிலிருந்து வந்து எந்தத் திசைக்குப் போனது என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும்.

திசையும் நேரமும்தான் இதில் உயிர்நாடி. இரண்டு மேட்டிலிருந்து ஒரே பறவையைப் பார்த்தால் கணக்கில் இரண்டாகிவிடும். சாயங்காலம் எல்லாக் குழுக்களின் தாள்களையும் அருகருகே வைத்து, "10.20க்குக் கிழக்கே போன மூன்றும் 10.26க்கு மேற்கிலிருந்து வந்த மூன்றும் ஒன்றா?" என்று பார்த்துக் கழிப்பார்கள். சிறகில் இறகு உதிர்ந்த இடைவெளி இருந்தால் அதையும் வரைந்து வைத்தால் அடையாளம் காண எளிது. கடிகாரங்களை முதலிலேயே சரிபார்த்து ஒன்றாக்காத குழுவின் தாள் இந்த வேலைக்கு ஆகாது.

9. பத்து மாசத்துல 74 கூடிருச்சே. அப்பப் பிரச்சினை தீந்துச்சுங்களா?

மூன்று மாநிலக் காடுகளையும் சேர்த்து 2023 பிப்ரவரிக் கணக்கு 246, அதே ஆண்டு டிசம்பர்க் கணக்கு 320. இரண்டையும் வகைவாரியாகப் பாருங்கள். செந்தலைப் பாறு 28இலிருந்து 50. அது இணைக்கு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். 28 பறவையும் முதிர்ந்தவை, 14 இணைகளும் முட்டையிட்டன, அத்தனையும் பொரித்தன, ஒன்றுகூடச் சாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் 42தான் வரும். 50 வராது. கருங்கழுத்துப் பாறும் அப்படியே: 30இலிருந்து 15 குஞ்சு சேர்ந்தால் 45, கணக்கில் வந்ததோ 47.

ஆகவே அந்த ஏற்றம் முழுவதும் குஞ்சு பொரித்து வந்ததல்ல. முன்பு பார்க்காத இடத்தைப் பார்த்தது, வேறு மாதம், வேறு காற்று, பறவை இடம் மாறியது எல்லாம் அதில் கலந்திருக்கும். வெண்முதுகுப் பாறு 183இலிருந்து 217 ஆனதை இந்தக் கணக்கு மறுக்காது. ஆனால் அதையும் அப்படியே பிறப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. காப்பாற்ற இவ்வளவாவது இருக்கின்றன என்பது நல்ல செய்தி. பெருகிவிட்டன என்று சொல்ல இது போதாது.

10. அப்ப எண்ணிக்கையை நம்பவே கூடாதுங்களா?

நம்பலாம். ஆனால் ஒப்பிட வேண்டியதை ஒப்பிட வேண்டும். இந்த ஆண்டு 60 மேடு, அடுத்த ஆண்டு 90 மேடு என்றால் மொத்தத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடாது. இரண்டு ஆண்டும் பார்த்த அந்த 60 மேட்டுக் கணக்கை மட்டும் தனியே எடுத்து ஒப்பிடுங்கள். புது இடத்துக் கணக்கு அந்த ஆண்டிலிருந்து தொடங்கட்டும். மாதமும் மாறக்கூடாது. டிசம்பரில் இணையில் ஒன்று அடைகாத்துக்கொண்டிருக்கலாம். அது வானத்துக் கணக்கில் வராது. ஏப்ரலில் புதுக்குஞ்சுகள் பறக்கத் தொடங்கிச் சேர்ந்துகொள்ளும்.

ஒன்றும் பார்க்காத மேட்டுக்கும் "0" என்று எழுதிய தாள் வேண்டும். அதைக் கிழித்துப் போட்டுவிட்டால் அங்கே ஆள் போனார்களா, போய்ப் பறவை இல்லையா என்று பத்து ஆண்டு கழித்து யாருக்கும் தெரியாது.

11. கூட்டை எண்ணினா இன்னும் துல்லியமா இருக்குமுங்களா? நாங்களும் செய்யலாமா?

மிகத் துல்லியம். கூடு இடம் பெயராது, இரட்டை எண்ணிக்கை வராது. ஆனால் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதியும் துணையும் இல்லாமல் போகக்கூடாது. யானைக் காடு என்பதோடு, அடைகாக்கும் பறவை எழுந்து பறந்தால் முட்டை வெயிலில் கெட்டுவிடும். காகமும் பிற பறவைகளும் தின்றுவிடும். நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி நின்று தொலைநோக்கியில் பார்ப்பதுதான் முறை.

ஒரு பருவத்தில் குறைந்தது மூன்று முறை பார்க்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் கூட்டில் பறவை உட்கார்ந்திருக்கிறதா? பிப்ரவரியில் குஞ்சு தெரிகிறதா? மார்ச் கடைசி, ஏப்ரலில் இறகு முளைத்த குஞ்சு கூட்டில் நிற்கிறதா? 40 கூட்டில் பறவை உட்கார்ந்து 24இல் குஞ்சு பறந்தால் வெற்றி 60 விழுக்காடு. முதல் முறை போகாமல் பிப்ரவரியில் மட்டும் போனால், அதற்குள் தோற்றுப்போன கூடுகள் கணக்கில் வராது. வெற்றி உள்ளதைவிட உயர்ந்து தெரியும். கூடிருக்கும் மரத்தின் இடத்தை வாட்ஸ்அப்பிலோ பேஸ்புக்கிலோ போடாதீர்கள்.

12. எங்க ஊர்ல எப்ப மறைஞ்சுதுன்னு பெரியவங்க கிட்டக் கேட்டு எழுதினா அது கணக்குல சேருமுங்களா?

சேரும். கொங்குச் சமவெளியில் பழைய எண்ணிக்கைத் தாள் கிடைப்பது அரிது, நினைவுதான் மிச்சம். ஆனால் "எந்த வருஷம்?" என்று நேரே கேட்டால் பதில் உத்தேசமாகத்தான் வரும். தெரிந்த நிகழ்ச்சிகளை வைத்துக் கேளுங்கள்: ஈரோடு தனி மாவட்டமானதற்கு (1979) முன்பா பின்பா? எம்.ஜி.ஆர். இறந்தபோது (1987) இருந்ததா? கோவைக் குண்டுவெடிப்பின்போது (1998)? முதலில் படம் காட்டி, பருந்துகளையும் பாறுகளையும் பிரித்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். மாட்டுத்தோல் உரித்தவர்கள், செம்மறிப் பட்டி வைத்தவர்கள், அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்ச்சந்தைக்கு மாடு ஓட்டியவர்கள் ஆகியோரின் நினைவு மற்றவர்களுடையதைவிட நம்பகமானது.

பலரும் 1990களைச் சொன்னால் அது 3ஆம் பதிலோடு பொருந்துகிறது. 1980க்கு முன்பே போய்விட்டது என்று ஓர் ஊரே சொன்னால் டைக்ளோபினாக்கைக் காரணமாக எழுதாதீர்கள். உயர்ந்த மரங்களை வெட்டியதா, பிணத்தில் விஷம் வைத்ததா, செத்த மாடு வெளியில் கிடக்காமல் போனதா என்று வேறு தடத்தில் தேட வேண்டும்.

13. நான் காங்கேயத்துல இருக்கறேன். மாயாறு எங்கயோ கெடக்குது. எங்க மாட்டுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?

பாறு ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் பறக்கக்கூடியது. அதனால்தான் ஒரு கூட்டிடத்தைச் சுற்றி 100 கிலோமீட்டர் ஆரத்தைப் பாறுகளுக்குப் பாதுகாப்பான பகுதியாக்க வேண்டும் என்கிறார்கள். மாயாற்றிலிருந்து அந்த வட்டத்தைப் போட்டால் கோவை, மேட்டுப்பாளையம், அவிநாசி, கோபி, திருப்பூர் எல்லாம் உள்ளே வரும். ஈரோடும் காங்கேயமும் வட்டத்தின் ஓரத்தில் நிற்கும். மேலும் மாடு ஓரிடத்தில் நிற்பதில்லை. கண்ணபுரம் சந்தையில் விற்ற காளையும் ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையில் கைமாறிய எருமையும் எந்த மலையடிவாரத்தில் போய்ச் சாகும் என்று விற்றவருக்குத் தெரியாது. மாயாற்றில் பாறு கூடுமா குறையுமா என்பதைத் தீர்மானிப்பதில் நம் கொரங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) பட்டிகளுக்கும் பங்கு உண்டு.

14. சரிங்க, என்ன ஊசி போடலாம், என்ன போடக்கூடாது?

கூடாதவை: டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், கீட்டோபுரோபன், நிமிசுலைடு. கால்நடைக்கு டைக்ளோபினாக்கை 2006இலும் கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் இரண்டையும் 2023இலும் மத்திய அரசு தடை செய்தது. நிமிசுலைடுக்கும் அதன் பிறகு தடை வந்தது. அசிக்ளோபினாக் மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோபினாக்காகவே மாறுகிறது. ப்ளூனிக்சினும் பாறுக்கு ஆகாது. அதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். பாறுக்குத் தீங்கில்லை என்று சோதித்துத் தெளிந்தவை மெலாக்சிகமும் டோல்பினமிக் அமிலமும்.

கடையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அதைப் படியுங்கள், அல்லது படித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு மருந்து கலந்த குப்பிகளும் வரும். இரண்டு பெயரையும் பாருங்கள். "வலி ஊசி குடுங்க" என்று கேட்காமல் "மெலாக்சிகம் குடுங்க" என்று கேளுங்கள். அளவைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும்.

15. தடை போட்டு இத்தனை வருஷம் ஆச்சு. இன்னும் ஏனுங்க பழைய மாதிரி வரல?

தடை வந்தும் மனிதருக்கான 30 மில்லிக் குப்பி மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2015இல் மனித மருந்தை 3 மில்லிக் குப்பியாகச் சுருக்கினார்கள். ஒரு குப்பியில் இருப்பது 75 மில்லிகிராம். கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்றாலே 300 கிலோ மாட்டுக்கு 4 குப்பி உடைக்க வேண்டும். செலவும் சிரமமும் கூடட்டும் என்பதே நோக்கம். அந்தக் கட்டுப்பாட்டை எதிர்த்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2017இல் கட்டுப்பாட்டை உறுதி செய்தது.

அடுத்தது பறவையின் இயல்பு. முதல் முட்டையிட ஏறத்தாழ ஐந்து வயதாக வேண்டும். பிறகும் ஆண்டுக்கு ஒன்றே. 11ஆம் பதிலில் எடுத்துக்காட்டாகச் சொன்னபடி கூட்டில் பாதிக்குச் சற்று மேல்தான் கரையேறினாலும், பறந்த குஞ்சில் சில முதல் ஆண்டிலேயே சாகும். சரிவு பத்துப் பதினைந்து ஆண்டில் நடந்தது. ஏற்றத்துக்குப் பல பத்தாண்டு பிடிக்கும்.

16. மாடு செத்தாப் பொதைக்கணுமா, பாறுக்குன்னு காட்டோரம் போட்டுரலாமா?

கடைசி ஒரு வாரத்தில் வலிமருந்து ஏதாவது போட்டிருந்தால், அல்லது என்ன போட்டார்கள் என்றே தெரியாவிட்டால், புதைத்துவிடுங்கள். ஆறடிக் குழி, மேலே சுண்ணாம்பு, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி. மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த ரத்தம் வடிந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மருந்தே படாத மாடு காட்டோர ஊரில் செத்தால் வனச்சரக அலுவலகத்தில் சொல்லி அவர்கள் முடிவுப்படி செய்யுங்கள். நாமாக இழுத்துக்கொண்டுபோய்ப் போடுவது சிறுத்தையை ஊர்ப்பக்கம் பழக்கிவிடும்.

17. சிறுத்தை கன்னுக்குட்டியை அடிச்சுப் போட்டுருச்சுங்க. ஆத்தரத்துல அதுல மருந்து வெச்சா பாறுக்குமா ஆகும்?

முதலில் சாவது பாறாகத்தான் இருக்கும். சிறுத்தை திரும்ப வருவது இரவில். பாறு பகலிலேயே இறங்கிவிடும். குருணை மருந்து தூவிய ஒரு கன்றில் ஒரு காலைப்பொழுதில் பத்து இருபது பாறு விழலாம். சில நூறு பறவையே உள்ள இடத்தில் அது பல ஆண்டுக் குஞ்சுகளைத் துடைத்துவிடும் இழப்பு. வனவிலங்குச் சட்டப்படி சிறைத்தண்டனையும் உண்டு. கன்றை நகர்த்தாமல் போட்டோ எடுத்து, வனத்துறைக்கு அன்றே சொல்லி, கால்நடை மருத்துவர் சான்றோடு இழப்பீடு கேளுங்கள். நகர்த்திவிட்டால் எது அடித்தது என்று நிறுவுவது கடினம். அங்கேதான் பலருக்கு இழப்பீடு தவறிப்போகிறது.

18. இன்னும் எத்தனை வருஷம் எண்ணினா கூடுதா கொறையுதான்னு உறுதியாச் சொல்லலாம்?

200 பறவை இருக்கின்றன, எண்ணுவதில் 20 விழுக்காடு முன்பின் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 40 பறவை வரை வெறும் பிசகாக இருக்கலாம். உண்மையில் ஆண்டுக்கு 5 விழுக்காடு கூடினால் 4 ஆண்டில் 243 ஆகிப் பிசகைத் தாண்டும். ஆண்டுக்கு 2 விழுக்காடுதான் கூடுகிறது என்றால் 10 ஆண்டு கழித்துத்தான் 244க்கு வரும். அதுவரை ஆண்டுதோறும் ஒரே இடம், ஒரே மாதம், ஒரே முறை.

மொத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு கேடு தப்பிப்போகும். முதிர்ந்த பறவைகள் நெடுநாள் வாழும். குஞ்சே தேறாமல் போனாலும் பல ஆண்டுக்கு மொத்தம் குறையாததுபோல் தோன்றும். பிறகு கிழடுகள் ஒருசேர மறையும்போது திடீரென்று சரியும். அதை முன்கூட்டியே காட்டுவது இளம்பறவைகளின் பங்கு. ஆகவே தாளில் ஒவ்வொரு வகைக்கும் "முதிர்ந்தது", "இளசு", "வயது தெரியவில்லை" என்று மூன்று கட்டம் போடுங்கள். மூன்றாவது கட்டத்தில் விழுந்ததை வீட்டுக்குப் போய் யோசித்து மற்ற இரண்டில் பிரித்துப் போடக்கூடாது. பார்த்த இடத்தில் தெரியாதது தெரியாததாகவே இருக்கட்டும்.